மாதவிடாய் நாட்களில் மட்டும் கால் இழுக்கிறது: எண்டோமெட்ரியோசிஸ் தண்டுவடம் வரை போகுமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பாருங்கள். வயது 32. மூன்று வருடம் முன்பு வலது சினைப்பையில் சாக்லேட் சிஸ்ட், அதாவது பழைய ரத்தம் தேங்கிய கட்டி இருந்து, லேப்ராஸ்கோப்பியில் (சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் அறுவை) எடுத்திருக்கிறார்கள். எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். இப்போது எட்டு மாதமாக, தீட்டு வருவதற்கு இரண்டு நாள் முன்பு வலது புட்டத்தில் வலி ஆரம்பித்து, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்கால் வரை இழுக்கிறது. பெருவிரல் மரத்துப் போகிறது. தீட்டு நின்ற இரண்டு மூன்று நாளில் எல்லாம் சரியாகிவிடுகிறது. முதுகு எம்ஆர்ஐயில் ‘எல்4-எல்5 லேசான டிஸ்க் பல்ஜ்’, அதாவது நான்காவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று வந்ததால் எலும்பு மருத்துவர் பெல்ட்டும் மாத்திரையும் கொடுத்தார். அப்புறம் எண்டோமெட்ரியோசிஸ் முதுகுத் தண்டுவடத்தையே பாதிக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, ‘எனக்கும் அதுதானா?’ என்று கேட்கிறீர்கள். நடக்க முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தை நீங்கள் எழுதவில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்து இந்தக் கேள்வியைத் தட்டியிருக்கிறீர்கள் என்றால் அதுவும் உள்ளே இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் மகளிர் நோய் மருத்துவர். 23 வருடமாக இதே வேலை, அதில் பெரும்பகுதி லேப்ராஸ்கோப்பி. நரம்பு அறுவை மருத்துவர் இல்லை. உங்கள் ஸ்கேனை நான் பார்க்கவில்லை, உங்களைத் தொட்டுச் சோதிக்கவும் இல்லை. ஆகவே உங்களுக்கு இதுதான் என்று இங்கிருந்தபடி சொல்ல முடியாது. எதை முதலில் சந்தேகிக்க வேண்டும், எதைக் கடைசியில் என்று மட்டும் சொல்லலாம்.

நேரடியான பதில் இது. தண்டுவடத்தில் எண்டோமெட்ரியோசிஸ் வந்தது உண்டு. ஆனால் இத்தனை வருடத்தில் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் பார்த்ததாகச் சொல்லிக் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் மருத்துவ இதழ்களில் ஒற்றை நோயாளி அறிக்கைகளாக வந்தவைதான். உலகத்தில் சுமார் 19 கோடிப் பெண்களுக்கு, அதாவது குழந்தை பெறும் வயதில் இருப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. அத்தனை பேரில் தண்டுவடம் பாதித்ததாக எழுதப்பட்டவர்கள் ஒரு சிறு பட்டியலில் அடங்கிவிடுவார்கள். இடுப்புக்குள் ஓடும் சயாட்டிக் நரம்பை எண்டோமெட்ரியோசிஸ் தொடுவது வேறு விஷயம். அதுவும் அபூர்வம்தான், ஆனால் அதை நானே பார்த்திருக்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் தண்டுவடத்தைவிட அந்தப் பக்கம்தான் கை காட்டுகின்றன.

தண்டுவடம் என்ற சொல்லை நம் ஊரில் முதுகெலும்பு முழுவதற்குமே பயன்படுத்துகிறோம். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. முதுகெலும்பு என்பது எலும்புக் கோவை. அதன் நடுக் குழாயில் மூளையின் வால் மாதிரி இறங்கி வருவதுதான் தண்டுவடம். பெரியவர்களுக்கு அது முதலாவது அல்லது இரண்டாவது இடுப்பு முள்ளெலும்போடு முடிந்துவிடும். தொப்புளுக்குச் சற்று மேலே, அதற்கு நேர் பின்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே தண்டுவடமே கிடையாது, நரம்பு வேர்கள் மட்டும் குதிரைவால் போலக் கொத்தாகத் தொங்கும். அந்த வேர்கள் எலும்புத் துளைகள் வழியாக ஒவ்வொன்றாக வெளியேறி, இடுப்புக் கூட்டின் பின்சுவரில் மறுபடி ஒன்றுசேர்ந்து சயாட்டிக் நரம்பாகின்றன. உடம்பிலேயே தடித்த நரம்பு அது, ஏறக்குறைய உங்கள் கட்டைவிரல் பருமன். இடுப்பெலும்பின் பின்புறப் பள்ளம் வழியாகப் புட்டத்துக்குள் நுழைந்து காலுக்கு இறங்குகிறது. சினைப்பை சாய்ந்து கிடக்கும் பக்கச் சுவரில் மேல் சவ்வை விலக்கினால் சிறுநீர் இறங்கும் குழாய் தெரியும். இன்னும் உள்ளே போனால் ரத்தக் குழாய்கள். அவற்றுக்கும் பின்னால் இந்த நரம்புகள். எண்டோமெட்ரியோசிஸ் ஒரு நரம்பைத் தொடுவதென்றால், தண்டுவடத்துக்குப் போவதற்கு எத்தனையோ முன்னால் அதற்கு வழியில் கிடைப்பது இவைதான்.

எந்த நரம்பு என்பதை வலி போகும் பாதையே ஓரளவு சொல்லிவிடும். புட்டம், தொடையின் பின்புறம், கெண்டைக்கால், பாதம் என்றால் சயாட்டிக். அதிலும் பெருவிரல் பக்கம் மரத்தால் ஐந்தாவது இடுப்பு வேர், சுண்டுவிரலும் உள்ளங்காலும் என்றால் அதற்கு அடுத்த வேர். தொடையின் உள்பக்கம் என்றால் வேறொரு நரம்பு. உட்காரும் இடமும் பிறப்புறுப்பும் எரிந்தால் இன்னொன்று. உண்மையிலேயே தண்டுவடத்தின் கீழ்நுனியில் கோளாறு என்றால் படமே மாறிவிடும். இரண்டு காலும் சேர்ந்து பாதிக்கும், சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டை விட்டுப் போகும், உட்காரும் பகுதி உணர்ச்சியற்றுப் போகும். ஒரே காலில், ஒரே பாதையில், மாதம் ஒரு வாரம் வந்து போகும் வலி அந்த வர்ணனைக்குப் பொருந்தவில்லை.

கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு முதுகெலும்புக் குழாய்க்குள் எப்படித்தான் போகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். இங்கே நிச்சயமானதும் ஊகமும் கலந்து கிடக்கின்றன, பிரித்துச் சொல்கிறேன். மாதவிடாய் ரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் கசிகிறது, அதோடு போகும் செல்கள் அங்கே ஒட்டி வளர்கின்றன என்பது அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1920களில் சொன்ன விளக்கம். பின்னோக்கிக் கசிவது உண்மை, அது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது. அவர்களில் சிலருக்கு மட்டும் ஏன் நோயாகிறது என்பதற்கு இதில் முழு விடை இல்லை. வயிற்றுச் சவ்வுக்கு வெளியே, மூடிய எலும்புக் குழாய்க்குள் ஒரு கட்டி வருவதற்கு இதில் இடமே இல்லை. அதற்குச் சொல்லப்படுவது ரத்தக் குழாய் வழி. 1940ல் பிலடெல்பியாவில் ஆஸ்கர் பேட்சன் என்ற உடற்கூறு அறிஞர், முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைகளுக்கும் இடுப்புச் சிரைகளுக்கும் நேர்த் தொடர்பு இருப்பதையும், அவற்றில் வால்வு இல்லாததால் ரத்தம் இரண்டு பக்கமும் போகும் என்பதையும் காட்டினார். இருமினாலோ முக்கினாலோ வயிற்றழுத்தம் ஏறி, ரத்தம் முதுகெலும்புப் பக்கம் தள்ளப்படும். புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்கு ஏன் அப்படிப் போகிறது என்பதற்குத்தான் அவர் இதைச் சொன்னார். எண்டோமெட்ரியோசிஸும் அதே வழியில் போகலாம் என்பது நியாயமான ஊகம், ஆனால் நேரில் நிரூபிக்கப்பட்டதல்ல. சில செல்கள் இருந்த இடத்திலேயே தன்மை மாறி இப்படி ஆகின்றன என்றொரு கட்சியும் உண்டு. எனக்கு எந்தக் கட்சியிலும் முழு நம்பிக்கை இல்லை. வெவ்வேறு இடத்து நோய்க்கு வெவ்வேறு வழி இருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன்.

இங்கே ஒரு சின்ன விலகல். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதால் இது வந்திருக்குமா என்று என்னிடம் கேட்காத நோயாளியே குறைவு. நம் ஊரில் பிரசவத்துக்குப் பின் வரும் எந்த முதுகுவலிக்கும் அந்த ஊசிதான் குற்றவாளி. அந்த ஊசி பின்பக்கத்திலிருந்து, தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே போகிறது. கருப்பைக்குப் பக்கத்தில்கூட அது போவதில்லை, அங்கிருந்து திசுவை எடுத்துவர அதற்கு வழியும் இல்லை. சிசேரியன் தழும்பில், வயிற்றுத் தோலுக்கு அடியில் எண்டோமெட்ரியோசிஸ் வருவது உண்மை. மாதாமாதம் தழும்பில் ஒரு கட்டி வீங்கி வலிக்கும். அது கருப்பையைத் திறக்கும்போது சிந்திய செல்களால் வருவது. உங்களுக்குச் சிசேரியனே நடக்கவில்லை என்பதால் இதோடு நிறுத்துகிறேன்.

எழுதிவைக்கப்பட்ட நோயாளிகளுக்கு வருவோம். 1962ல் அமெரிக்க மருத்துவ சங்க இதழில் வந்த அறிக்கை ஒன்றுக்குத் தலைப்பே ‘சுழற்சி சயாட்டிகா’. மாதவிடாயோடு வந்து போகும் கால்வலிக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அறுவை சிகிச்சையின்போது வயிற்றுச் சவ்வில் ஒரு சின்னப் பை மாதிரி உள்வாங்கியிருப்பதைப் பார்த்து, அதை ஓர் அடையாளமாகவே அவர்கள் எழுதிவைத்தார்கள். 1968ல் நரம்பியல் இதழ் ஒன்றில், முதுகெலும்புக் குழாய்க்குள் இருந்த எண்டோமெட்ரியோசிஸ் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவத்தில் ரத்தக் கசிவை உண்டாக்கியது பற்றிய அறிக்கை வந்தது. 2000க்குப் பிறகு, தண்டுவடத்தின் கூம்பு நுனிக்குள்ளேயே இந்தத் திசு கிடைத்த அறிக்கைகள் உண்டு. இவற்றைப் படிக்கும்போது எனக்குப் பட்டது, அறுவை மேசைக்குப் போகும் வரை இது என்னவென்று யாருக்கும் நிச்சயமாகத் தெரிவதில்லை. கட்டி என்று நினைத்துத் திறக்கிறார்கள். நுண்ணோக்கியில் சுரப்பியும் அதைச் சுற்றிய திசுவும் தெரிந்த பிறகுதான் பெயர் கிடைக்கிறது. நீங்கள் படித்தது இந்த வகை அறிக்கைகளின் சுருக்கமாகத்தான் இருக்கும். அறிக்கை எழுதப்படுவதே அது அபூர்வம் என்பதால்தான், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

என் நோயாளி ஒருவரைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி. நின்றுகொண்டே வேலை பார்ப்பவர். குழந்தை இல்லை என்று வந்திருந்தார். பேச்சோடு பேச்சாக, “மாசத்துல அஞ்சு நாள் படி ஏற முடியாது டாக்டர், மத்த நாள் ஓடுவேன்” என்றார். நான் அதைக் காதில் வாங்கினேன், ஆனால் எழுதிக்கொள்ளவில்லை. எலும்பு மருத்துவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். டிஸ்க் என்று இரண்டு வருடம் சிகிச்சை நடந்தது. இழுவை, பெல்ட், முதுகில் ஒரு ஊசி. மறுபடி என்னிடம் வந்தபோது ஐந்து நாள் பதினைந்து நாளாகியிருந்தது. பரிசோதனை மேசையில் ஏறும்போது கழற்றிப் போட்ட செருப்பைத் தற்செயலாகப் பார்த்தேன். வலது செருப்பின் முன் நுனி மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது. இடது செருப்பு புதிது மாதிரி இருந்தது. குதிகாலில் நடக்கச் சொன்னேன். இடது பாதம் தூக்கியது, வலது பாதம் தரையில் தட்டியது. அவருக்கே அன்றுதான் அது தெரிந்தது. ‘ஓடுவேன்’ என்று அவர் சொன்ன அன்றே நான் குதிகாலில் நடக்கவைத்துப் பார்த்திருக்க வேண்டும். இன்றுவரை எனக்கு உறுத்தும் விஷயம் அது.

அவருக்கு முதுகு எம்ஆர்ஐ இருந்தது, இடுப்பு எம்ஆர்ஐ இருந்தது, வேறோர் இடத்தில் செய்த லேப்ராஸ்கோப்பியும் இருந்தது. மூன்றிலும் கால்வலிக்குக் காரணம் என்று எதுவும் இல்லை. உங்கள் விஷயத்தில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான், கொஞ்சம் நின்று படியுங்கள். முதுகு எம்ஆர்ஐ என்பது முதுகெலும்பையும் அதை ஒட்டிய குறுகலான ஒரு பட்டையையும் மட்டும் படம் பிடிக்கும். டிஸ்க்குகளுக்கு நேராகக் குறுக்கு வெட்டுகள் எடுப்பார்கள், அவ்வளவுதான். சயாட்டிக் நரம்பு இடுப்பெலும்பின் பள்ளத்தில் புட்டத்துக்குள் நுழையும் இடம் அந்தப் படத்திலேயே இருக்காது. மகளிர் நோய்க்கான இடுப்பு எம்ஆர்ஐ கருப்பையையும் சினைப்பைகளையும் நடுவில் வைத்து எடுப்பது. அந்தப் பள்ளம் படத்தின் ஓரத்தில் வந்தாலும் யாரும் அங்கே தேடுவதில்லை, தேடச் சொல்லி யாரும் எழுதிக் கொடுத்திருக்கவும் மாட்டார்கள். லேப்ராஸ்கோப்பியில் கேமரா பார்ப்பது சவ்வின் மேற்பரப்பை. நரம்பு இருப்பது சவ்வுக்குப் பின்னால் பல சென்டிமீட்டர் ஆழத்தில். சவ்வைத் திறந்து உள்ளே போனால் ஒழியத் தெரியாது. ஆக மூன்று பேரும் ஒழுங்காகத்தான் பார்த்தார்கள், மூன்று பேரும் அந்த ஓர் இடத்தைத்தான் விட்டுவிட்டார்கள். அவருடைய பழைய இடுப்பு எம்ஆர்ஐ சிடியை எடுத்து, ரேடியாலஜி நண்பரோடு உட்கார்ந்து, குறிப்பிட்டு அந்த ஓரத்தைப் பார்த்தபோது வலது பக்க நரம்பு தடித்திருந்தது சந்தேகமாகத் தெரிந்தது. அந்த இடத்துக்கென்றே மறுபடி எடுத்தபோது சந்தேகம் தீர்ந்தது.

வலது பக்கம் என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். சயாட்டிக் நரம்பு எண்டோமெட்ரியோசிஸ் இடதைவிட வலது பக்கம் அதிகமாகப் பதிவாகியிருக்கிறது. இடது பக்கம் பெருங்குடலின் வளைந்த பகுதி அந்த இடத்தை மூடிக்கொண்டு கிடப்பதால் பின்னோக்கிக் கசியும் செல்கள் அங்கே எளிதில் சேர்வதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். நம்பக்கூடியதாகத்தான் இருக்கிறது. ஆனால் வலது கால் வலிப்பதே ஆதாரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டிஸ்க் வலியும் வலது காலில் வரும்.

டிஸ்க்கையும் பார்த்துவிடுவோம். எந்த வலியும் இல்லாதவர்களை எம்ஆர்ஐயில் படுக்கவைத்தால் 20 வயதிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரிகிறது, 80 வயதில் 84 சதவீதம் பேருக்கு. மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் படங்களைத் தொகுத்து 2015ல் வந்த கணக்கு இது. 32 வயதில் ‘லேசான பல்ஜ்’ என்பது முகத்தில் ஒரு மரு இருப்பது மாதிரி. அது இருக்கிறது என்பது உண்மை, அதனால்தான் வலிக்கிறது என்பது தனியாக நிரூபிக்க வேண்டியது. ஆனால் உங்கள் எலும்பு மருத்துவர் சொன்னது தவறு என்றும் நான் சொல்லவில்லை. ஐந்தாவது வேர் அந்த மட்டத்தில்தான் அழுந்தும், பெருவிரல் மரப்பது அதற்கும் பொருந்தும். டிஸ்க் வலியேகூட மாதவிடாய் சமயத்தில் கூடலாம். தலைவலி, குடல் வலி, மூட்டுவலி எல்லாமே பலருக்கு அந்த நாட்களில் கூடும். கூடுவது ஒன்று, முழுக்க வந்து முழுக்கப் போவது இன்னொன்று. உங்களுக்கு நடுவில் இரண்டு மூன்று வாரம் கொஞ்சமும் வலியே இல்லை என்பதுதான் என்னைச் சந்தேகப்பட வைக்கிறது. தூக்கும்போது, குனியும்போது, தும்மும்போது அந்த வாரங்களில் சுருக்கென்று இழுக்கிறதா? இல்லை என்றால் டிஸ்க் மேல் என் சந்தேகம் இன்னும் குறையும்.

இன்னொரு சாத்தியம், எல்லாவற்றையும்விடச் சாதாரணமானது. எண்டோமெட்ரியோசிஸ் நரம்பைத் தொடாமலேயே காலில் வலியைக் காட்டலாம். கருப்பையிலிருந்து வரும் வலிச் செய்தியும் இடுப்பு, தொடைத் தோலிலிருந்து வரும் செய்தியும் தண்டுவடத்தில் பக்கத்துப் பக்கத்து இடங்களில் போய்ச் சேர்கின்றன. எங்கிருந்து வந்தது என்று மூளை சில நேரம் தப்பாகப் படித்துவிடும். தீட்டு நாட்களில் ‘தொடை ரெண்டும் கழன்று போகுது’ என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வார்கள் இல்லையா, அது இந்த வகை. கருப்பைக்குப் பின்னால் இருக்கும் தசைநார்களில் நோய் இருந்தாலும் அடிமுதுகும் புட்டமும் வலிக்கும். இடுப்புத் தசைகள் வருடக்கணக்கில் இறுகிப்போனாலும் வலிக்கும். இவற்றை நான் வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். வித்தியாசம் என்னவென்றால், இவை பொதுவாக முழங்காலைத் தாண்டி இறங்காது, விரல் மரக்காது, பாதம் பலவீனமாகாது. உங்களுக்கு விரல் மரக்கிறது என்பதால் இதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இன்றைக்கே ஒரு நாள்காட்டியை எடுங்கள். பால் கணக்கு எழுதுவது போல, தினமும் ஒரு வரி: வலி பத்துக்கு எத்தனை, எங்கே தொடங்கி எங்கே வரை, மரத்ததா, மாத்திரை போட்டீர்களா. தீட்டு ஆன நாளை வட்டம் போடுங்கள். வலி இல்லாத நாளில் ‘இல்லை’ என்று எழுதுவதுதான் முக்கியம், எல்லோரும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். இந்த நோய் நரம்பில் இருந்தால் காலம் போகப்போக வலி இல்லாத நாட்கள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் தொடர் வலியாகிவிடும். அந்தக் கட்டத்தில் சுழற்சி மறைந்துவிடுவதால் யாருக்கும் மாதவிடாய் ஞாபகமே வராது, டிஸ்க் என்றே முடித்துவிடுவார்கள். உங்களுக்கு இன்னும் சுழற்சி தெளிவாக இருக்கிறது. இதை எழுத்தில் பிடித்துவைப்பது எந்த ரத்தப் பரிசோதனையைவிடவும் உதவும். சிஏ-125 எடுக்கச் சொல்வார்கள். அது கூடியிருந்தாலும் நோய் எங்கே என்று சொல்லாது, சாதாரணமாக இருந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது.

வீட்டில் பார்க்க ஒரே ஒரு சோதனை. சுவர் ஓரமாக, குதிகாலில் பத்து அடி நடங்கள், பிறகு நுனிக்காலில் பத்து அடி. தீட்டு நாளிலும் பாருங்கள், மற்ற நாளிலும் பாருங்கள். ஒரு பக்கப் பாதம் தொங்கினால் நாள்காட்டி எழுதி முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள், அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று சிறுநீர் போகவில்லை, அல்லது தெரியாமல் போய்விடுகிறது, உட்காரும் இடம் மரத்துவிட்டது, இரண்டு காலும் தளர்கின்றன என்றால் காரணம் எதுவாக இருந்தாலும் அவசரம். அன்று இரவே நரம்பு அறுவைப் பிரிவு இருக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், வெளிநோயாளி நேரத்துக்குக் காத்திருக்கக் கூடாது.

மருத்துவரிடம் போனால் கையால் செய்யும் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். அனுபவமுள்ள விரல் ஆழமான எண்டோமெட்ரியோசிஸ் முடிச்சைக் கண்டுபிடித்துவிடும். காலை நீட்டியபடி தூக்கிப் பார்ப்பது, முழங்கால், குதிகால் தட்டிப் பார்ப்பது எல்லாம் ஐந்து நிமிட வேலை. நரம்பு வேகப் பரிசோதனையும் தசை மின் பரிசோதனையும் நரம்பு எந்த மட்டத்தில் பாதித்திருக்கிறது என்று பிரித்துச் சொல்ல உதவலாம். ஆரம்பக் கட்டத்தில் இரண்டும் சாதாரணமாகவே வரலாம். எம்ஆர்ஐயில் பழைய ரத்தம் ‘டி1’ என்ற வகைப் படத்தில், கொழுப்பை மறைத்து எடுக்கும்போது வெள்ளையாகப் பளிச்சிடும். தழும்பாகிப்போன நோயில் அந்தப் பளிச்சிடல் இல்லாமலும் இருக்கலாம். தீட்டு நாட்களையொட்டி எடுத்தால் தெளிவாகத் தெரியலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கட்டாயம் என்று நான் சொல்லமாட்டேன், வசதிப்பட்டால் அப்படிச் செய்யுங்கள்.

மருந்தைப் பொறுத்தவரை, ஈஸ்ட்ரோஜனின் ஏற்ற இறக்கத்தை அடக்குவதுதான் அடிப்படை. டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை, 2 மில்லிகிராம் தினமும் ஒன்று என்பது இப்போது நம்மூரில் பரவலாகக் கொடுக்கப்படுவது. முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாக ரத்தம் படும், பயப்படவேண்டாம். லூப்ரோலைடு போன்ற ஊசிகள் இன்னும் பலமானவை, ஆனால் முதல் ஒன்றிரண்டு வாரம் வலியைக் கூட்டிவிட்டுத்தான் குறைக்கும், நீடித்தால் எலும்பு அடர்த்தியும் குறையும். மருந்தில் கால்வலி அடங்கினால் சந்தேகம் வலுக்கிறது, உறுதியாவதில்லை. நரம்பைச் சுற்றித் தழும்பு இறுகிவிட்டால் ஹார்மோன் அதைக் கரைக்காது. பாதம் பலவீனமாகத் தொடங்கினாலோ, மருந்துக்கு அடங்காவிட்டாலோ அறுவை சிகிச்சைதான். இதை எல்லா லேப்ராஸ்கோப்பி மருத்துவரும் செய்யக்கூடாது, நானும் தனியாகச் செய்வதில்லை. சூரிச்சில் மார்க் பொசோவர் என்பவர் இடுப்பு நரம்புகளை லேப்ராஸ்கோப்பி வழியாக அணுகும் முறையை வளர்த்து, அதற்கு நியூரோபெல்வியாலஜி என்று தனிப் பெயரே வைத்தார். அந்தப் பயிற்சி உள்ளவர்களோ, நரம்பு அறுவை மருத்துவரும் சேர்ந்த குழுவோ இருக்கும் பெரிய மையமாகத் தேடுங்கள். ‘முன்பு இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?’ என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான் சொன்ன அந்த நோயாளிக்கு அப்படித்தான் செய்தோம். மேலே பார்த்தால் சவ்வில் ஒரு சின்னக் குழி, விரல் நுனி அளவு. 1962 அறிக்கையில் எழுதிய அதே பை. அதன் வழியே உள்ளே போனபோது வெல்லப்பாகு மாதிரி கறுத்த ரத்தம், அடியில் நரம்பைக் கவ்விய தழும்பு. வலி சில வாரங்களிலேயே பெருமளவு போய்விட்டது. பாதம் அத்தனை சீக்கிரம் வரவில்லை. அறுந்த நரம்பிழை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான் திரும்ப வளரும், இடுப்பிலிருந்து பாதம் வரை அது எத்தனை நாள் என்று நீங்களே கணக்குப் போடலாம். ஒன்றரை வருடம் பிசியோதெரபிக்குப் பிறகும் அவசரமாக நடந்தால் வலது கால் லேசாகத் தட்டுகிறது. உங்களுக்கு இன்னும் பலவீனம் வரவில்லை, எட்டு மாதம்தான் ஆகிறது, சுழற்சி தெளிவாக இருக்கிறது. அவர் என்னிடம் முதலில் வந்த கட்டத்தில் நீங்கள் இப்போது இருக்கிறீர்கள். பயத்தைவிட இதைத்தான் கவனிக்க வேண்டும்.

கல்யாணம் பண்ணினால், ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். கர்ப்ப காலத்தில் தீட்டு நிற்பதால் பலருக்கு வலி அடங்கும். அது சிகிச்சை அல்ல, பிறகு திரும்ப வரும். நரம்பு சம்பந்தப்பட்ட சந்தேகம் இருக்கும்போது அதற்காக ஒரு வருடத்தைத் தள்ளிப்போடுவது எனக்குச் சம்மதமில்லை.

அடுத்த முறை ஸ்கேனுக்குச் சீட்டு எழுதும்போது, மருத்துவரிடம் இந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: ‘எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர், மாதவிடாயோடு வரும் வலது சயாட்டிகா, இரு பக்கச் சயாட்டிக் பள்ளத்தையும் நரம்புக் கொத்தையும், புட்டத் தசைகளையும் சேர்த்துப் பார்க்கவும், கொழுப்பு மறைத்த டி1 படமும் தேவை.’ பழைய முதுகு எம்ஆர்ஐயின் சிடியையும் எடுத்துப் போங்கள். அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோனால் அதில் டிஸ்க் மட்டும்தான் இருக்கும்.